கார்டில் இல்லாதவள்

சேசு மரி சூசை

பெண்கள் வார்டு
8-7-1989

பாசமுள்ள அக்கா ஜெயகுமாரிக்கு,

தங்கை ஞானம் எழுதுவது. செபாஸ்டியன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். மூச்சுத் திணறல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. நர்ஸ் "ஜெயகுமாரி" என்று கூப்பிட்டால் திரும்பப் பழகிவிட்டேன். முதல் நாள் உன்னைத்தான் தேடினேன்.

உன் புருஷனான மாமா எனக்குப் புருஷன் வேஷம் கட்டிக்கொண்டு, கூச்சத்தில் ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் கட்டில் கெங்கம்மாள், "இன்னாமே, ஒன் ஊட்டுக்காரு வாயே தொறக்க மாட்டாரா?" என்கிறாள். என் சொந்தப் புருஷன் பாஸ்கல், தங்கை புருஷன் என்று சொல்லி எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

மாமாவின் கம்பெனிக் கார்டில் உன் பெயரைச் சொல்லிப் படுத்திருக்கிறேனே, இந்த வைத்தியம் யார் வீட்டுக் காசு என்று மாமாவைக் கேட்டேன். "எங்க சம்பளத்துல கொஞ்சம் புடிக்கிறான், மொதலாளியும் போடறான். நல்லாக் கீறவன் காசுல சீக்காளிக்கு வைத்தியம். சொதந்திரம் வந்த மறுவருசமே போட்ட சட்டம்" என்றார். பொண்டாட்டி, பிள்ளைகள், அண்டி நிற்கும் தாய் தகப்பனுக்கு உண்டாம். மச்சினிச்சிக்குக் கிடையாதாம்.

பாஸ்கலும் ஆவடியில் ஒரு கம்பெனிக்குத்தான் மூட்டை தூக்குகிறார். கான்ட்ராக்டர் அவருக்குக் கார்டு போடவில்லை. அவர் உழைப்பு மட்டும் எந்தக் கணக்கில் போகிறது அக்கா?

இப்படிக்கு,
ஜெயகுமாரி என்கிற ஞானம்


பட்டாபிராம்
11-7-1989

அன்புத் தங்கை ஞானத்துக்கு,

உன்னைப் பார்க்க வராமல் இருப்பது எனக்கு நரகமாக இருக்கிறது. நான் மாத்திரை வாங்கும் டிஸ்பென்சரி ஆட்கள் அங்கேயும் வந்து போவார்கள். என் முகத்தைக் கண்டால் குட்டு உடைந்துவிடும், அவர் வேலை போய்விடும். நம் வீட்டில் ஒரு கார்டுதான் இருக்கிறது, அதில் படுக்க இப்போது உனக்குத்தான் முறை.

என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கப் போக முடியுமா? நான்தான் அங்கே படுத்திருக்கிறேனே. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒன் தங்கச்சிக்கு ஆரஞ்சு உரிக்கறதுக்குள்ள எனுக்கு வேர்த்துப்பூடுது" என்கிறார். உரிக்கட்டும், எனக்கு ஒருநாளும் உரித்ததில்லை.

உடம்பு தேறி நீ எழுந்து வந்தால் போதும். பயப்படாதே.

உன் அக்கா,
ஜெயா


பெண்கள் வார்டு
19-7-1989

அக்காவுக்கு,

இருதய வால்வு சுருங்கிவிட்டது, வேறு ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர். அங்கே அனுப்பக் குடும்பப் போட்டோ வேண்டுமாம். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று மாமா தினமும் சொல்கிறார். அதில் இருப்பது உன் முகம், அவர் எப்படிக் கொண்டுவருவார், பாவம்.

நேற்று ராத்திரி மூச்சே வரவில்லை. காலையில் சாமியார் கடைசி எண்ணெய் வைத்து அவஸ்தை பூச வந்தார். "உன் பேரென்னம்மா?" என்று கேட்டார். டாக்டரிடம் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன், அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால் கேஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் பக்கத்திலேயே நிற்கிறாள். தூங்குகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

அக்கா, சாகப் பயமில்லை. உன் பெயரில் சாகத்தான் பயமாக இருக்கிறது.

ஞானம்


பட்டாபிராம்
20-7-1989

ஞானம்,

சாமியாரைக் கூப்பிடச் சொல். உன் பெயரைச் சொல். நர்ஸ் கேட்டால் கேட்கட்டும், வேலை போனால் போகட்டும். இதை அவருக்குத் தெரிந்தேதான் எழுதுகிறேன். "சொல்லச் சொல்லு, பாத்துக்கலாம்" என்று அவரும் சொல்லிவிட்டார். நாளைக்குக் காலை முதல் ரயிலில் நானும் வருகிறேன்.

அக்கா


பட்டாபிராம்
2-9-1989

என் ஞானகுமாரிக்கு,

அன்றைக்கு அனுப்பின கடிதத்தை அவர் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தார். அவர் போய்ச் சேரும்போது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்களாம்.

உடம்பைப் புருஷனிடம்தான் கொடுப்பார்கள் என்று அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பாஸ்கல் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஆஸ்பத்திரிச் சாவுக் காகிதம் கேட்டார்கள். அதில் என் பெயர் இருந்தது. நம் பங்குச் சாமியார் காகிதத்தைப் பார்த்தார், தலையில் முக்காட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். ஜெபத்தில் "இந்த ஆத்துமா" என்று மட்டும் சொன்னார். பெயர் சொல்லாமலே உன்னைப் புதைத்தோம்.

சிலுவையில் உன் பெயரை எழுத வேண்டும் என்று பாஸ்கல் சொன்னார். உன் மாமா வேலையை நினைத்து எல்லோரும் வேண்டாமென்று தடுத்துவிட்டோம். வெறும் சிலுவைதான் நிற்கிறது.

போன வாரம் எனக்குத் தலை சுற்றி விழுந்துவிட்டேன். பழைய ஞாபகத்தில் அவர் கார்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து நான் செத்ததாகத் தகவல் வந்து என் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்த ஆள் அவர் தோளைத் தட்டி, "மனச உட்றாத அண்ணாத்தே" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினாராம்.

இனி உன் பெயரைச் சொல்லிப் போகலாம் என்றால், உன் பெயருக்கு எங்கேயும் கார்டு இல்லை.

உன் அக்கா,
ஜெயகுமாரி