முகம் பிறகுதான் வந்தது

செப்டம்பர் 22, திங்கள்
எல்லாரும் தூங்கியபின் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்து அம்மாவோடு உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். மூன்று மணி இருக்கும். ஒரு பைக் அம்மாவை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் முறிவு. ஓட்டியவன் நீலக் கம்பெனிச் சட்டை, ஹெல்மெட். முகம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 23
ஆஸ்பத்திரியில் அப்பா விடவில்லை. "மூணு மணிக்கு நீலச் சட்டையில வர்றவன் யாரு? எதிர்வூட்டு பிரகாஷு தான புள்ள? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."
போன வாரம் முழுக்க பிரகாஷ் அண்ணன் முதல் ஷிப்ட் முடிந்து அந்த நேரத்துக்குத்தான் வந்தார்.
இருக்கலாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செப்டம்பர் 25
பெரியப்பா, அத்தை, நர்ஸ் — எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்லத் தெளிவாகிறது. ஹெல்மெட் கண்ணாடி மேலே தூக்கியிருந்தது. பிரகாஷ் அண்ணன் திரும்பிப் பார்த்தார். இதை முதல்நாள் எப்படி மறந்தேன்?

செப்டம்பர் 26
பிரகாஷ் அண்ணனின் மனைவி சரிதா அக்கா வாசலில் நின்று அழுதார். "திங்கக்கெழமையிலருந்து அவருக்கு செகண்ட் ஷிப்டு. ரெண்டரைக்கே கம்பெனி கேட்டுல கார்டு தேச்சு உள்ள போயிட்டாரு. கேஸுன்னு பேரு வந்தா காண்ட்ராக்ட்காரன் நாளைக்கே வெளிய அனுப்பிடுவான்!"
"கார்டு தான? எவன் வேணா தேச்சிருப்பான். எம் பொண்ணு கண்ணால பாத்திருக்கா," என்றார் அப்பா.
திங்கள். ஷிப்ட் மாறும் நாள். தெருவே மறந்திருக்கிறது. அப்போ நான் பார்த்தது? போன வாரத்து முகமா? அத எடுத்து இதுல ஒட்டிடுச்சா என் மூளை? நான் பொய் சொல்லல. சத்தியமா சொல்லல. ஆனா நெஜமும் இல்ல.

செப்டம்பர் 28
நாளை போலீஸ் ஸ்டேஷனில் நான் சாட்சி சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. ரொம்பக் களைப்பாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 29
"சட்டை மட்டுந்தான் பாத்தேன் சார். முகம் அப்புறமா வந்துச்சு."
ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். "அப்புறமான்னா? கொரியர்ல வந்துச்சா?"
யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள்: "அப்ப என் கால ஒடச்சது யாருடி?"
தெரியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி
விடுமுறை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிரகாஷ் அண்ணன் முதல் ஷிப்ட் முடிந்து வந்து வண்டியை நிறுத்தினார். வேலை போகவில்லை.
"அம்மா கால் எப்படிம்மா இருக்குது?"
"பரவால்லண்ணா."
நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இடித்தது அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் அவர்தான் திரும்பிப் பார்க்கிறார்.