பழுப்புக் காகிதத்துக்கு அடியில்

அன்பு மகள் லெனோராவுக்கு அப்பா டெஸ்மண்ட் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாய்களும் சுகம், என் இடது முட்டி மட்டும் சுகமில்லை, அதை விடு. டாம்வொர்த்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஆற்றில் வெள்ளம் வந்து கடைக்குச் சாமான் லாரி வரவில்லை, மாவும் தேயிலையும் தீர்ந்துபோய் உன் அம்மா கங்காரு வாலையே சுட்டுச் சுட்டுப் போட்டாள், எனக்கென்ன கசக்குமா.

நீ போனில் கேட்டதற்கு இத்தனை நாள் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். பெரிய மேடை கிடைத்திருக்கிறது, பெரியப்பாவின் பாட்டைப் பாட வேண்டும், வீட்டார் சம்மதம் வேண்டும் என்றாய். முறைப்படி கேட்டாய், நல்ல பிள்ளை. அவர் செத்துப்போன நாளிலிருந்து, நம் பூர்வகுடி வழக்கப்படி, நாம் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, ரேடியோவில் அவர் குரல் வருவதில்லை, அதே பெயர் இருந்த பாவத்துக்கு மெக்கானிக்கைக் கூட வேறு பெயரில்தான் கூப்பிடுகிறோம். போதும், இனிப் பாட்டைத் திறந்துவிடலாம் என்று உன் பெரியம்மா சொல்லிவிட்டார், மார்லீன் அத்தையும் சொல்லிவிட்டாள். நான் ஒருவன்தான் பாக்கி இருந்தேன்.

ஏன் இழுத்தடித்தேன் என்று ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியட்டும். பொறாமை. மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தபோது அண்ணனும் நானும் ஒரே கிட்டாரில்தான் கற்றுக்கொண்டோம். அவர் பாட ஆரம்பித்தார், நான் பின்னால் நின்று பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான், அதற்கப்புறம் நான் முன்னால் வரவே இல்லை. முரட்டுக் குதிரை ஏறும் ரோடியோ மைதானம், சிறைச்சாலை, ஃபுட்பால் திருவிழா, கடைசியில் இப்போது நீ இருக்கிற ஊரின் மேடை, எங்கே போனாலும் ஜனங்கள் அவரைக் கட்டிக்கொள்வார்கள், என்னிடம் வந்து தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். நம் பாஷையில் அவர் கட்டின பாட்டைக் கேட்டு, ஒரு வார்த்தை புரியாத வெள்ளைக்காரனும் தொப்பியைக் கழற்றுவான். உன் அம்மா மட்டும் லேசுப்பட்டவளா, என்னைக் கல்யாணம் கட்டிக்கொண்டு அவர் பாட்டுக்குத்தான் ஆடினாள்.

அவர் போனபோது நான் அழுதேன், அதில் பொய்யில்லை. ஆனால் அவர் குரல் அடங்கின பிறகுதான் மைக் என் கைக்கு வந்தது, நான் எழுதின பாட்டையும் நாலு பேர் முணுமுணுத்தார்கள். கடையின் வெளிச்சுவரில் நம் பாட்டுக் குழுவின் போஸ்டர் இருக்கிறதே, அதில் அவர் முகத்தை மறைத்துப் பழுப்புக் காகிதம் ஒட்டினோம் அல்லவா, அதற்கப்புறம்தான் ஊர்ச் சின்னதுகள், இதோ டெஸ்மண்ட் தாத்தா என்று என்னைக் கைகாட்டின. அதுவரை நான் அதில் இருப்பதே யார் கண்ணிலும் படவில்லை. இந்தச் சுகத்தை விடு என்றால் மனசு வருமா. இதில் நீ வேறு, நான் பெற்ற பெண், உன் அப்பனும் பாட்டு எழுதுகிறவன் என்ற நினைப்பே இல்லாமல் அவர் பாட்டைக் கேட்டாய். வயிறு எரிந்தது மகளே.

போன வாரம் கடை வாசலில் எல்லோர் முன்னாலும் உன் மார்லீன் அத்தை, ஏண்டா உனக்கு அண்ணன் போன துக்கம் தீரலையா, இல்ல மைக்கு மேல இருக்கற ஆச தீரலையா என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்காமல், பாட்டு இல்லாம வீடு வெறிச்சுன்னு கெடக்கு டெஸ்மண்ட், நீயே போய் அந்தக் காகிதத்த எடுத்துடு என்றார். நேராகப் போஸ்டர் இருக்கிற சுவருக்குப் போனேன்.

காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தேன். லெனோரா, வெயிலில் காய்ந்து காய்ந்து அந்தப் போஸ்டரில் நாங்கள் எல்லோரும் வெளுத்துப் போயிருக்கிறோம். என் மீசை இருந்த இடமே தெரியவில்லை, தினமும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு போனவனுக்கு இது உறைக்கவே இல்லை. காகிதத்துக்கு அடியில் இருந்ததால் அவர் மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி, சிவப்புக் காலர் சிவப்பாகவே இருக்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். செத்தும் முன்னால்தான் நிற்பேன் என்கிறார் மனுஷன். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, பிறகு சுவரில் நெற்றியை வைத்து அழுதேன், அதிலும் பொறாமை இருந்தது.

அதனால் நீ பாடு, எனக்குச் சம்மதம். பெயரை மட்டும் இன்னும் சொல்லாதே, பெரியப்பா என்று சொன்னால் போதும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சு வாங்க ஒரு இடம் விடுவார், அங்கே பேஸ் கிட்டார் மட்டும் தனியாகப் போகும், நான் போட்டது, அதைக் குறைக்க விடாதே. உன் தொண்டை வற்றாமல், உன் பாட்டும் நம் மண்ணும் உன்னைக் காப்பாற்றட்டும், அம்மாவின் முத்தமும் இதில் இருக்கிறது. மறக்காமல் ஒன்று செய். பாடி முடித்ததும் எல்லோரும் உன்னைக் கட்டிக்கொள்ள வருவார்கள். அப்போது பின்னால் பேஸ் வாசித்தவனை, யாராக இருந்தாலும் சரி, பெயர் சொல்லி முன்னால் கூப்பிடு.

உன் அப்பா,
டெஸ்மண்ட்