அத்தை டயாலிசிஸ் வேண்டாம் என்ற பிறகு

மார்ச் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பாப்பாவுக்கு லேசாகச் சளி. மூன்று முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாயிற்று. ஜுரம் இல்லை.

இன்று அத்தைக்கு டயாலிசிஸ் நாள். கிளம்பவில்லை. இவர் பைக்கோடு வாசலில். "நேரமாச்சும்மா, வா."

"மூணு வருசமா வாரத்துக்கு மூணு நாளு. வந்தா அன்னைக்கு முழுக்கத் தல தூக்க முடியல. அந்த மிஷினுக்கு நான் பாத்த ஊழியம் போதும்டா."

இவர் என்னை முறைத்தார். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைப்பு.

மார்ச் 11, புதன்

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அத்தையிடம் அரைமணி நேரம் பேசினார். பிறகு எங்களிடம், "ரொம்பத் தெளிவா இருக்காங்க. எத்தன நாள்னுகூடக் கேட்டாங்க. ஒரு வாரம், பத்து நாள்."

கேட்டுவிட்டேன். "டாக்டர், இது கருணைக்கொலையா?"

"இல்லம்மா. ஊசி போட்டு முடிக்கிறதுதான் அது. அதுக்கு நம்ம சட்டத்துல எடமில்ல. வேணாங்குற வைத்தியத்த நிறுத்தச் சொல்றது அவங்க உரிமை. கொண்டுபோறது நோய், நீங்க இல்ல."

அத்தை கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், இனிஷியலோடு. மூச்சு முட்டினால் கொடுக்க மருந்து தந்தார்கள். நர்ஸ் நம்பரும்.

வீடு திரும்ப, குளத்தூர் பஸ். ஏறியதுமே அத்தை, "பாப்பாவுக்குக் கேரட் வாங்கணும்."

மார்ச் 13, வெள்ளி

வாங்க: மூக்குச் சொட்டு மருந்து, கேரட் (மறந்தாச்சு), அத்தைக்கு இன்னொரு தலையணை.

அத்தைக்குக் கால் வீக்கம். அரிப்பு. பேச்சில் மட்டும் குறைவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கொடும்பாளூரிலிருந்து அத்தையின் தங்கை. அத்தைக்கு இளநீர் ஆசை. மூன்று வருடமாகத் தொடாதது. அதில் பொட்டாசியம் அதிகம், கிட்னி போனவர்களுக்கு இதயம் சட்டென்று நின்றுவிடலாம். விலங்கியல் படித்தது இதற்காவது உதவியது.

சின்னத்தை என்னை அடுப்படிக்கு இழுத்து, "நாலு எளநியா வெட்டிக் குடுத்துரு தாயி. சீக்கிரம் போயிருவா. பாக்க முடியல." கெட்ட மனசு இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

முடியாது என்றேன். அதற்குள் கட்டிலிலிருந்து சத்தம். "ஏடி, காது நல்லாத்தான் கேக்குது. மிஷின் வேணாம்னேன். என்னையப் பிடிச்சுத் தள்ளி விடுங்கன்னா சொன்னேன்? ஒரு வாய் குடு, போதும்."

அன்று டாக்டர் எனக்கு விளக்கியதை அத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டதில் இன்றுதான் இவ்வளவு கர்வம்.

நர்ஸிடம் கேட்டுவிட்டு, ஒரு வாய்.

மார்ச் 17, செவ்வாய்

மதியம் மூச்சு வாங்கியது. இவர் 108 போடப் போனார். நான் போனைப் பிடுங்கினேன். பாப்பா தும்மினாலே டாக்டரைக் கூப்பிடுகிற நான்!

மருந்து. தலையணை உயர்த்தி. ஃபேன் முகத்துக்கு நேராக. இருபது நிமிடத்தில் மூச்சு சீரானது. அத்தை என் கையை விடவில்லை. இவர் பின்கட்டில் அழுதார்.

மார்ச் 18, புதன்

காலை பதினொன்று இருக்கும். அமைதியாக. நான் பக்கத்தில்தான்.

மார்ச் 19, வியாழன்

பந்தலில் கூட்டம். இவருடைய பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படி, "திருச்சிக்குக் கொண்டு போயிருந்தாப் பொழச்சிருக்கும்ல? பெத்தவள இப்புடியா விடுவீங்க?"

உள்ளே பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். இவர் என்ன சொல்வாரோ என்று கிண்ணத்தோடு கதவோரம் வந்தேன். பழியை என் மேல் போட்டால்கூட இன்று வாய் திறக்கக் கூடாது என்றிருந்தேன்.

"அம்மாவே எடுத்த முடிவு பெரியப்பா. அம்மாவக் காப்பாத்த முடியல. அது சொன்ன சொல்லக் காப்பாத்துனோம். நானும் எம் பொண்டாட்டியும்."

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு இவர் பக்கத்தில் போய் நின்றேன்.