பெட்டியின் அடியில் களிமண்

என் அன்பு ஜெசிந்தா அக்கா,

தாழ்வுபாட்டு நண்டு நிலையத்தில் நீங்கள் இருந்த பொறுப்பாளர் கதிரையில் இப்போது நான் இருக்கிறேன். உங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிட்டேனா என்றுதான் முதலில் கேட்பீர்கள். இல்லை. சண்டை வந்தால் ஒவ்வொருவரும் எதிராளியாக மாறிப் பேச வேண்டும் என்ற உங்கள் விதியை நான் நாடகம் என்றே சொல்லிவந்தேன். அதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள்.

போன மாதம் கொழும்பில் வாங்குபவர்கள் நண்டு மணக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை நடந்தால் வாங்கமாட்டார்களாம். பிறகு நண்டைப் பெட்டியில் அடைக்கும் பொதி அறைப் பெண்களுக்கு வேலை ஏது?

ஐஸ் போதாது என்றான் வான் ஓட்டும் அன்ரன். வானில் குளிர் இல்லை என்றாள் பொதி அறை மலர். நான் இரண்டையும் சோதித்தேன். ஐஸும் போதும், வானில் குளிரும் இருந்தது. வேறு வழி தெரியாமல் உங்கள் நாடகத்தைப் போட்டேன்.

மலர் வெறுங்கையால் ஸ்டியரிங் பிடிப்பதுபோலத் தொடங்கினாள். "நான் அன்ரன். பெட்டியளைச் சேத்திலை வைச்சாத்தான் எனக்கு ஓட்டம் சரிவரும். ஒவ்வொருமுறையும் வெறும் பெட்டியளை அடியிலை களிமண்ணோடைதான் திருப்பிக் கொண்டுவாறனான். கழுவ மலர் அக்கா இருக்கிறா தானே."

எல்லோரும் சிரித்தார்கள், அன்ரனைத் தவிர.

"சேத்திலை ஆர் வைச்சது?" என்றான் அவன். "கொழும்புக்குப் போற வழியிலை, முருங்கனிலை மற்றாக்களின்ரை பெட்டியும் வானுக்கு உள்ளுக்குப் போகவேணும். எங்கடையை இறக்கித்தானே ஏத்தவேணும்?"

எவ்வளவு நேரம் நிலத்தில் இருக்கும் என்று கேட்டேன்.

"அந்த ஆக்கள் வந்து சேருமட்டும். வெயிலுக்கைதான்..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

எங்கள் தீவு முழுக்க மணல்; களிமண் அக்கரையில் முருங்கனில்தான். பெட்டிக்கு அது எங்கிருந்து வந்தது என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை, அக்கா? மலர் கழுவிக்கொண்டிருந்தாள். அன்ரன் இறக்கிக்கொண்டிருந்தான். அது சொல்ல வேண்டிய விடயம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பெட்டிகளை வானின் ஒரு பக்கமாக அடுக்குகிறோம். மறுபக்கம் முருங்கன்காரருக்கு; எதையும் இறக்க வேண்டியதில்லை. அன்ரன் சொன்ன யோசனைதான். அதற்குப் பிறகு நண்டு திரும்பி வரவில்லை.

கூட்டம் முடிய அன்ரன் கேட்டான்: "மிஸ், உங்களாய் ஆர் பேசுறது?" மலர் உடனே கையை உயர்த்திவிட்டாள். நான் நீங்களாகப் பேசும்போது கண்ணில் நீர் வரச் சிரித்துக் கேட்பீர்களே, எனக்கு அப்படிச் சிரித்துக் கேட்டுப் பழக்கம் இல்லை.

வருகிற திங்கள் மலர் நானாகப் பேசப்போகிறாள். நான் மறுப்பேன், அது நிச்சயம். ஆனால் மறுத்துக்கொண்டிருக்கும்போதே, அன்ரனைப் போல, ஒருமுறை நின்று யோசிப்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் கதிரையில் இருக்கும் தங்கச்சி,
நிர்மலா