ஷாப்டில் நான் வைத்த பொட்டு

அக்டோபர் 6, திங்கள்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மேல் மூட்டம். துணி பாதிதான் காய்ந்தது.

இன்று நான் சொல்லாதது: “அந்தப் பொட்டு கோடு இருந்த இடத்தில் இல்லை, அப்பா. குத்துமதிப்பாக வைத்தேன்.”

சொல்ல நேரம் இருந்தது. ஏழுமலை அண்ணன் வாசலில் கால் மணி நேரம் நின்றார். நாலு வருடமாக எங்கள் பிக்கப்பை ஓட்டுகிறவர். வெள்ளிமலைக்கு மேலே ஊர்.

“அம்பது தாண்டுனா வண்டியே உதறுது. மலையில இன்னா ஏத்துன? உண்மைய சொல்லு,” என்றார் அப்பா.

“நீங்க அனுப்பின சிமெண்ட்டுதாங்கண்ணா. முப்பது மூட்டை. ஒண்ணு ஜாஸ்தி இல்ல.”

“அப்ப ஷாப்ட் தானா வளைஞ்சிக்கிச்சா?”

“கிராஸ் மாத்தி நான்தாங்க மாட்டுனேன். பொட்டு பாத்துதான் மாட்டுனேன்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா சாவியை வாங்கிக்கொண்டார்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஷாப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்துபோய், ஏழுமலை அண்ணன் (ஏ.அ.) ஷாப்டைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்திருந்தார். பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் நீளக் குழாய். இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று பல் பல்லாக நுழையும். திரும்பச் சேர்க்கும்போது பல் மாறாமலிருக்க இரண்டின் மேலும் ஒரே சாக்பீஸ் கோடு போட்டிருந்தார்.

பூஜைக்குக் கழுவியது நான். ஸ்பேனர், ஜாக்கி, அரிவாள்மணை, தையல் மிஷின். ஷாப்டையும் விடவில்லை. உருவி, டீசலில் தேய்த்தேன். பழைய கிரீஸ் போயிற்று. கோடும் போயிற்று. ஞாபகத்தில் இருந்தபடி சேர்த்தேன். சந்தனம், மேலே குங்குமம், இரண்டு துண்டிலும் நேருக்கு நேர். கோடு இங்கேதான் இருந்திருக்கும் என்று தோன்றிய இடத்தில்.

விஜயதசமி அன்று மாட்டும்போது ஏ.அ. கேட்டார்: “பாப்பா, கோட்டு மேலயேதான வெச்ச?”

“ஆமாண்ணா.”

கழுவியதைத் தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ‘ஆமாண்ணா’வுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 7, செவ்வாய்

விடிய விடியத் தூறல். நூலகத்தில் புத்தகம் திருப்பித் தர இன்று கடைசி நாள். அப்பா ஓட்டிய பிக்கப்பிலேயே போனேன்.

கச்சிராயபாளையம் ரோட்டில் வேகம் பிடித்துப் பார்த்தார். நாற்பதில் ஒன்றுமில்லை. ஐம்பதில் உள்ளங்காலில் கூச்சம். அறுபதில் பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார், நான் மடியைப் பார்த்தேன்.

நூலகத்துக்கு முன்னால் பிக்கப் ஸ்டாண்டில் நிறுத்தினார்.

“இன்னாண்ணே, டிரைவரு இல்லாம நீங்களே ஓட்டிக்கினு வர்றீங்க?”

“ஜாஸ்தி ஏத்திக்கினு போய் ஷாப்ட வளைச்சிட்டான்.”

“மேல பூரா அவன் சொந்தக்காரனுங்க. ஆட்டுக்குட்டில இருந்து பொண்ணு சீரு வரைக்கும் ஏத்துவானுங்க.” சிரிப்பு.

“இனிமே எவன் குடுப்பான் அவனுக்கு வண்டி?”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தலையாட்டினார். நான் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். திருப்பித் தரவேண்டிய புத்தகம், முழுக்கப் படித்து முடித்தது.

அக்டோபர் 8, புதன்

வெயில். பாஷா பாய் வந்தார், மெக்கானிக். பூஜை விடுமுறை முடிந்து இன்றுதான் கடை திறந்தாராம். அன்றைக்கே அவர் இருந்திருந்தால் ஏ.அ. தானே மாட்டியிருக்க மாட்டார். இப்படி யோசிப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

பா.பா. பார்த்தவை:
டயர் முன் பின் மாற்றிப் போட்டார். அதே உதறல்.
அறுபதில் நியூட்ரல் போட்டு உருட்டினார். அதே. ஆக என்ஜின் இல்லை.
நடு பேரிங், அதன் ரப்பர். பழுதில்லை.
ஷாப்டைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் ஆணி பிடித்துப் பார்த்தார். இடைவெளி மாறவில்லை. வளைவு இல்லை.

பிறகு அடியில் இருந்தே சத்தம்: “யாரு கோத்தது இத?”

“அவன்தான்,” அப்பா.

“பொட்டுக்குப் பொட்டு கரெக்டா கீது. ரெண்டு முனையில கீற காது ஒண்ணுக்கொண்ணு நேரா இல்ல. ரெண்டு பல்லு தள்ளி கீது. ஷாப்ட்ல ஒண்ணுமே இல்லண்ணா, சும்மா போட்டு அவன திட்டிக்கினு கீறீங்க.” வெளியே வந்து கையைத் துடைத்தார். “யாரு அந்தப் பொட்டு வெச்ச மகராசி?”

“நான்தான். கழுவினதும் நான்தான். கோடு அழிஞ்சி போச்சி,” என்றேன்.

பா.பா. சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு பல் திருப்பி மாட்ட முக்கால் மணி நேரம். அறுபதில், எழுபதில் வண்டி அமைதி.

பாய் போன பிறகு அப்பா: “இத வெளிய சொல்லிக்கினு திரியாத. நாலு பேரு எதிர்ல சொல்லிட்டேன்.” பிறகு என் முன்னாலேயே ஏ.அ.வுக்குப் போன் போட்டார்.

“போனா போவுது ஏழுமல. நானும் பெருசு பண்ணல. நாளைக்கு வந்து வண்டிய எடு. இனிமே பாத்து ஏத்து.”

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. “நான் ஏத்தலீங்கண்ணா.” அப்புறம் போன் வைத்த சத்தம்.

நான் செய்ததற்கு அப்பா அவரை மன்னித்திருக்கிறார். நான் போனைப் பிடுங்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

கறிவேப்பிலை. பல்பு. ரீசார்ஜ். அம்மாவின் மாத்திரை.

ஏ.அ. வண்டி எடுக்க வரவில்லை. நாலு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. மலையில் டவர் இல்லையோ, என் பெயரைப் பார்த்து எடுக்கவில்லையோ. பின்னது என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் நியாயமாகப் படுகிறது. அதுவும் என்னைப் பற்றிய நினைப்புதான்.

மாவு கரைக்கும்போது உப்பு இரண்டு முறை. “ஞானம் எங்க கீது உனுக்கு?” என்றாள் அம்மா.

அக்டோபர் 10, வெள்ளி

காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே பெண்கள் நிற்க இடம் கிடையாது. பஸ்ஸுக்கு என்று நினைத்து ஒருவர் வழி சொன்னார்.

“இல்லீங்க. ஏழுமல அண்ணன பத்தி சொல்லணும். அவரு ஜாஸ்தி ஏத்தல. ஷாப்ட் வளையவே இல்ல. பூஜைக்குக் கழுவும்போது நான் கோட்ட அழிச்சிட்டேன். அவர் கேட்டதுக்குப் பொய் சொன்னேன்.”

“உங்கப்பாரு வேற மாரி சொன்னாரே?”

“அப்பா சொன்னது தப்புங்க.”

அப்பா சொன்னது தப்பு என்று வாயால் சொன்னது இதுதான் முதல் முறை. ஐந்து பேர். ஒருவர் பீடியைக் கீழே போட்டார்.

“இனிமே பொட்டு வெக்கணும்னா டயர்ல வெய்யிம்மா. எங்க வெச்சாலும் சுத்திக்கினு வந்துடும்.” எல்லோரும் சிரித்தார்கள். வயதானவர் ஒருவர் மட்டும், “சரி, அவங்கிட்ட சொன்னியா?” என்றார்.

இல்லை என்றேன்.

புத்தகங்களில் உண்மையைச் சொன்னவர்களுக்கு மனம் லேசாகும். எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது, அவ்வளவுதான். காய் வாங்க மறந்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. தட்டைத் தள்ளி வைத்தார். என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் மட்டும், “படிக்க வெச்சம்ல,” என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல மழை. ஏ.அ. போன் எடுத்தார். எல்லாம் சொன்னேன், ‘ஆமாண்ணா’ உட்பட. பின்னால் கோழிச் சத்தம்.

“ஸ்டாண்டுல சொன்னியாமே. பசங்க சொன்னாங்க,” என்றார். “அத திங்கக்கெழம வூட்டாண்ட நான் நிக்கும்போது சொல்லிருக்கலாமே பாப்பா.”

“ஆமாண்ணா. வந்து வண்டி எடுங்கண்ணா.”

“வேணாம் பாப்பா. வெச்சிர்றேன்.”

பிறகு கேள்விப்பட்டது: ஏ.அ. சங்கராபுரத்தில் ஒரு நெல் வியாபாரியின் வண்டிக்குச் சேர்ந்துவிட்டாராம், ஸ்டாண்டில் இருக்கும் அந்த வயதானவர் சொல்லிச் சேர்த்துவிட்டது. எங்கள் வண்டியை அப்பாவே மலைக்கு ஓட்டிப் போகிறார்.