மருந்துப் புட்டி

12-7-61, புதன்.

மருமகள் நடத்தும் பாலர் வகுப்புக்கு நான் படம் வரைகிறேன். பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டே அதன் பெயரைப் படிப்பார்கள். இன்று புட்டி வரைந்து, ‘மருந்து குடித்தால் நோய் போகும்’ என்று சொல்லவைத்தேன்.

எல்லோரும் போனபின், அம்மாவுக்காகக் காத்திருந்த செல்லம்மாவின் படத்தைப் பார்த்தேன். புட்டி நிறையக் கறுப்பு.

“எங்க வீட்டு மருந்து இந்தக் கலருதான் தாத்தா. அம்மா திரியில தடவும். அதைக் குடிக்கலாமா?”

கூடாது என்று அவளிடம் சொன்னேன். மற்றப் பிள்ளைகளிடம் யார் சொல்வது? பட்டாசுத் திரி செய்யும் இந்தத் தெருவில் பாதி வீடுகளில் வெடிமருந்து கிடக்கிறது.

வீடுவீடாகப் போய்ச் சொல்லவா என்று மருமகளிடம் கேட்டேன்.

“சும்மா இருங்க மாமா. பிள்ளைகளை நிறுத்திருவாக. அப்புறம் சோத்துக்கு எங்கன போக?”

அவள் சொல்வதும் நியாயம். என் பயம் வீணாகவும் இருக்கலாம். தெருவில் இன்னும் சில வீடுகளில் விளக்கு எரிகிறது. கதவைத் திறந்தால் அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும். செருப்பை எங்கே விட்டேன்