டப்பாக்களில் என் எழுத்து

பிப்ரவரி 3, திங்கள்

கையெழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப் போவதும் நான்தானே. இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, பேனாவையும் அழுத்தித் தேய்க்கிறது. காகிதம் கிழிகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்! இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய், என் பெயரையும் தாண்டி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, எறும்பு மையில விழுந்து எழுந்து போன மாதிரி?"

பிப்ரவரி 5, புதன்

பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகை. நான் இஸ்திரிக் கடையிலிருந்து வந்து அடுப்பை அணைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனைவி கேட்கிறாள்: "யாருங்க அடுப்பு பத்த வச்சது?"

எதிர்வீட்டம்மா என் மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் ஓடி வந்தாள். "அப்பா, நீங்க கடைக்குப் போயிடறீங்க. அம்மா தனியா இருக்காங்க. ஏதாவது ஆச்சுன்னா? நான் என்கூடவே கூட்டிட்டுப் போயிடறேன்."

அவள் வீட்டில் ஒருவரை நெருக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். இருவருக்கு இடமில்லை. அப்படியென்றால் நான்?

பிப்ரவரி 6, வியாழன்

போகவிட மாட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது! கடைக்குப் போகாமல், டப்பாக்களில் ஒட்டச் சீட்டு எழுதினேன். உப்பு. சர்க்கரை. சோப்புத்தூள். மாத்திரை டப்பாவில் காலை, இரவு. அடுப்புக்கு மேலே பெரிதாக: அணைத்தாயா? எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். வீடே என்னோடு பேசுவது போல இருந்தது. இனி அவள் எதை மறப்பாள்?

பிப்ரவரி 8, சனி

டீயில் உப்பு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா உனக்கு?"

அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எங்கங்க படிக்கத் தெரியும்?"

நாற்பது வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதானே கைநாட்டு வைத்தோம். அவள் வகுப்புக்கு வரவில்லை, நான் மட்டும்தான் போனேன். அது எப்படி எனக்கு மறந்தது? இந்த வீட்டில் மறதிக்காரர் யார்? சிரிப்பும் வந்தது. அப்புறம் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மகள் எங்களை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கேட்ட கேள்விகள் எல்லாம் சாதாரணம்தான். சமைப்பாங்களா, சாமான் வாங்கத் தனியா போய் வருவாங்களா, போன் பண்ணுவாங்களா. நான் முந்திக்கொண்டு "செய்வா, செய்வா" என்றேன்.

"அவங்க சொல்லட்டும் பெரியவரே."

"எல்லாம் செய்வேன். இவருக்குத்தாம்மா ஒண்ணும் தெரியாது. அவர் சட்டை எங்க இருக்குன்னு என்னைத்தான் கேப்பாரு. பேருதான் இஸ்திரிக்காரர்!" எல்லோரும் சிரித்தோம்.

பிறகு டாக்டரம்மா அவள் கையில் மாத்திரை டப்பாவைக் கொடுத்து, "இப்போ காலைல போடற மாத்திரையை எடுங்கம்மா" என்றார். அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே காட்டிவிட்டிருக்கலாம். வீட்டில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

"முடியாதுங்க டாக்டர்," என்றேன். "மாத்திரை நான்தான் எடுத்துக் கொடுக்கறேன். சாமான் வாங்கவும் நான்தான் போறேன்."

டாக்டரம்மா மகளைப் பார்த்துச் சொன்னார்: "முடியாததை நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்குங்க. முடியறதை அவங்ககிட்டருந்து பிடுங்கிடாதீங்க."

பிப்ரவரி 14, வெள்ளி

அவளையும் கடைக்குக் கூட்டிப்போகிறேன். நான் தேய்க்க, அவள் மடிக்கிறாள். மடிப்பு கத்தி மாதிரி விழுகிறது. யார் வீட்டுத் துணி என்று கேட்டால்தான் விழிக்கிறாள். சாயங்காலம் மகள் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை மட்டுமாவது அம்மாவை என்கிட்ட விடுங்கப்பா. நீங்களும் கொஞ்சம் படுங்க. முகத்தைப் பாருங்க, எப்படி இருக்குன்னு." சரி என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் அவளை மகள் வீட்டில் விட்டு வந்தேன். படுக்கவில்லை. உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் பொறுக்காமல் மகள் வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவிதான் எடுத்தாள்.

"இஸ்திரிக்காரர் பேசறேன்," என்றேன் விளையாட்டாக.

"அவர் இல்லீங்களே. கடைக்குப் போயிருக்காரு. சாயங்காலமா பேசுங்க."

எவ்வளவு மரியாதை! என் குரலைக் கேட்டால் எப்போதும் அதட்டுகிறவள்.

"சரிங்கம்மா," என்றேன். "வந்தா சொல்லிடுங்க."

"சொல்றேங்க," என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் போய்க் கூட்டிவர வேண்டும். அடுத்த ஞாயிறும் அவள் அங்கேதான் இருப்பாள். எனக்கு எழுத நேரம் இருக்கும்.